கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப் பாடம்: கேள்வி பதில்

இருபது வருடம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தேன். அதன் பிறகு பதினொரு வருடம் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் சேவைக்கால ஆலோசகராகக் கல்வி வலயம் வலயமாக அலைந்தேன். பிள்ளை வளரும் சூழலுக்கும் அது கற்கும் விதத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் அறிவித்திருந்தேன். சிலர் அதையும் கேட்டிருக்கிறார்கள்.

பொகவந்தலாவை ஆசிரியை: டீச்சர், என் தரம் 2 பிள்ளைகள் கேள்வி கேட்டால் சிலை போல நிற்கிறார்கள். வீட்டில் வாய் மூடுவதே இல்லையாம். பயமா?

பயமும் கொஞ்சம் இருக்கலாம். முதலில் உங்கள் கேள்வியைப் பாருங்கள். மாம்பழப் படத்தைத் தூக்கிப் பிடித்து "இது என்ன?" என்கிறீர்கள். உங்களுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். பிறகு எதற்காகக் கேட்கிறார் என்றுதான் அது விழிக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் இப்படிக் கேட்பதில்லை. "தம்பி எங்கே?", "பீலிக் குழாயில் தண்ணீர் வருகிறதா?" என்று கேட்பவருக்கு உண்மையிலேயே பதில் தேவைப்படுகிறது.

ஷேர்லி பிரைஸ் ஹீத் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கரோலினாப் பகுதியில் பல வருடம் தங்கி ஆராய்ந்து, 1983இல் எழுதியதும் இதைத்தான். அங்கே கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பெயர் கேட்பது குறைவு. "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் பாடசாலையில் ஊமையாகிப் போனார்கள். ஆசிரியர்கள் கேள்வியின் வகையை மாற்றியதும் பேச்சு வந்தது.

இன்னொன்று, கேட்ட பின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளை வைத்து அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிகளாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முதல் நாள் அது மூன்று மணித்தியாலம் போல இருக்கும்.

ஹட்டன் தந்தை: மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்கு எந்த டியூஷன் நல்லது?

தெரியாது. என் துறையும் அதுவல்ல.

இராகலை ஆசிரியர்: பாடநூலில் "உன் வீட்டின் அறைகளை வரைக" என்றிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு காம்பராவும் (அறை) ஓர் இஸ்தோப்பும் (முன் திண்ணை). பனையும் கடலும் வரும் இடங்களில் தேயிலையைப் போட்டால் போதுமா?

போதாது. படத்தில் தேயிலைச் செடியை ஒட்டிவிட்டுப் பண்பாட்டுக்கு ஏற்பக் கற்பித்தோம் என்று அறிக்கை எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து மாங்காயைப் பத்துத் தேயிலைக் கன்றாக்கினால் கணக்கு மாறாது, பிள்ளை சிந்திக்கும் விதமும் மாறாது.

பிரேசிலின் ரெசிபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்), பத்து வேண்டும் என்று கேட்டால், 12 வயதுப் பையன் "மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210" என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். தெருவில் அந்தப் பிள்ளைகளின் விடைகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரி. பையனுக்குக் கணக்குத் தெரியும். அவன் போடும் முறை பாடசாலைக்குத் தெரியவில்லை.

நம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் நில்லுங்கள். பாடசாலை வாசலே மிதிக்காத பாட்டி, காலையில் ஏழரை, மத்தியானம் ஆறு, மாலையில் எட்டரை, மொத்தம் இருபத்திரண்டு என்று தராசு ஓய்வதற்குள் சொல்லிவிடுவாள். தண்ணீருக்கும் படங்குச் சாக்குக்கும் என்று ஒவ்வொரு நிறையிலும் இரண்டு கிலோ கழித்தால் பதினாறு. பதினெட்டுக் கேட்கும் தோட்டத்தில் அவளுக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) இல்லை. இதைத் தரம் 9க்குக் கொண்டுவாருங்கள். கழிக்கப்பட்டது நூற்றுக்கு எத்தனை? 27க்கு மேல். வெயில் நாளிலும் மழை நாளிலும் தண்ணீருக்கு ஒரே கழிவு சரியா? இப்போது வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: எந்தப் பிள்ளையிடமும் உன் அப்பா என்ன வேலை, அம்மா எத்தனை கிலோ எடுத்தாள் என்று வகுப்பின் முன் கேட்காதீர்கள். எண்களை நீங்களே கற்பனையாகப் போடுங்கள்.

பதுளைத் தந்தை: மன்னிக்க வேண்டும் டீச்சர். என் அம்மா முப்பது வருடம் கூடை சுமந்தார். நான் பஸ் நடத்துநர். என் மகள் அந்தக் கூடையை மறக்க வேண்டும் என்றுதான் பாடசாலைக்கு அனுப்புகிறேன். அங்கேயும் கொழுந்துக் கணக்கா? கொழும்புப் பிள்ளைக்குக் கணினி, என் பிள்ளைக்குக் கூடையா?

இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இது. மன்னிப்பு வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக்குத் தேவையான அளவு எழுத்து போதும் என்று நினைத்த காலம் நீண்டது. ஆகவே கணக்கு மடுவத்தில் முடிந்துவிட்டால் நீங்கள் சொல்வதே சரி. நான் சொல்வது தொடங்கும் இடத்தை. அங்கிருந்து சதவீதத்துக்கும் சார்புக்கும் வரைபுக்கும் போகவில்லை என்றால் அந்த ஆசிரியரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

பதுளைத் தந்தை மீண்டும்: பேச நன்றாக இருக்கிறது. வகுப்பில் நடப்பது வேறு. "கூடைக்காரி மகள்" என்று சிரிப்பார்கள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, குற்ற உணர்வுதான் இருக்கிறது. என் ஏழாவது வருடத்தில், வீட்டிலிருந்து சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள், கூட்டல் கழித்தல் செய்வோம் என்றேன். பிரமாதமான யோசனை என்று நினைத்தேன். ஒரு சிறுமியின் சீட்டில் முற்பணமும் கடனும் கழித்து, கையில் கிடைத்தது அற்பத் தொகை. பக்கத்தில் இருந்தவன் அதை உரக்க வாசித்தான். சிறுமி ஒரு கிழமை வரவில்லை. வந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே எழுதிய எச்சரிக்கை அவளிடமிருந்து வந்தது.

தலவாக்கலை வாசகி: நான் தாவரவியல் படித்தவள், கொழுந்து பறித்தவரின் மகள். அண்ணன் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்குக் கோபம் வேறு. எங்கள் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதை, அதாவது கத்தரித்து விடுவதை, பார்த்தே வளர்ந்தேன். அதற்குப் பின்னால் இவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது. பத்து வருடம் ஏன் யாரும் சொல்லவில்லை?

நன்றி மகள். பதுளை அண்ணன் இதையும் கேட்கட்டும். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். நுனி மொட்டில் சுரக்கும் ஓமோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வெடித்து, கொழுந்து பறிக்க வசதியான மட்டம் கிடைக்கிறது. கவ்வாத்து வெட்டினால் இலையே மிஞ்சாது. செடி எதைத் தின்று துளிர்க்கிறது? வேரில் சேமித்த மாப்பொருளை. அது குறைந்த செடியை வெட்டினால் செத்துப்போகும். அதனால்தான் வெட்டுவதற்கு முன் வேர்த் துண்டில் அயடீன் விட்டுப் பார்க்கிறார்கள். பாடநூலில் உருளைக்கிழங்கில் செய்யும் அதே பரிசோதனை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இவருடைய தலவாக்கலையில்தான். அந்த வாசலுக்குள் கத்தியோடு மட்டுமல்ல, அயடீன் போத்தலோடும் போகலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?

பதுளைத் தந்தை: தங்கை சொல்வதை ஏற்கிறேன். சம்பளச் சீட்டை ஏற்கமாட்டேன்.

நானும்தான். (மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில், இலாவணி என்ற வாதப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய மோதுவது போல ஆகிவிட்டது. மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.)

நுவரெலியா ஆசிரியர்: தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை. அது அவர்களுடைய கலாசாரம். நாம் என்ன செய்தாலும் வீண்தானே?

கலாசாரம் என்ற சொல்லை இப்படிச் சாக்குப்போக்காக வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். தோட்டங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1907இலேயே சட்டம் வந்தது. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். இடையில் 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமையும் போனது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பை ஓர் ஆசிரியர் மேய்த்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள் இந்தப் பெற்றோர். கொழுந்து நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்கிறீர்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வருவார்களா? ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் வையுங்கள், பிறகு எழுதுங்கள்.

பூண்டுலோயா இளைஞர்: என் தம்பிக்கு நான்கு வரிச் செய்யுள் பாடமாகாது. மாசியில் காமன் கூத்தில் இரவெல்லாம் பாடுகிறான். எப்படி?

கூத்தில் அவன் தனியாக இல்லை. மூத்தவர்கள் பாட, தப்பு அடிக்க, அவன் சில வருடம் ஓரத்தில் நின்று முணுமுணுத்திருப்பான். பிழைவிட்டால் பக்கத்துக் குரல் தூக்கிவிடும், யாரும் சிவப்பு மை போடமாட்டார்கள். ராகமும் அடவும் சொல்லைப் பிடித்து வைக்கின்றன. செய்யுளை அவனுக்கே ஒரு மெட்டில் போடச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் பாடுங்கள்.

மஸ்கெலியா தாய்: புலமைப்பரிசிலுக்கு எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும்?

புலமைப்பரிசில் பற்றி இன்று வந்த நான்காவது கேள்வி இது. தூங்கவிடுங்கள்.

கொட்டகலை ஆசிரியர்: இடமாற்றம் தாமதமாகிறது...

வலயக் கல்விப் பணிமனை.

பத்தனையில் பயிலும் ஆசிரிய மாணவி: அடுத்த கிழமை கற்பித்தல் பயிற்சி, தரம் 6 தமிழ். "என் பெற்றோரின் தொழில்" என்று கட்டுரை கொடுக்கலாமா டீச்சர்?

மேலே வாசிக்கவில்லையா? கொடுக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றால் என்னென்ன சத்தம் கேட்கும் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் வீட்டுச் சத்தத்தை எழுதி, முதலில் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.