வளவில் கிடைத்த துவக்கு ரவையைச் சுட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரவைகள் வந்தன. நாற்பது வரும், மூன்று அளவு. 19 வயது மகன் பழைய கதவு, தகரம், புளொக் கல் எல்லாம் அடுக்கி, எந்த ரவை எதைத் துளைக்கிறது என்று மாமனின் அனுமதித் துவக்கால் சுட்டுப் பார்க்க நிற்கிறான். பின்னால் எத்தனை வரிசை கல் அடுக்கினால் பாதுகாப்பு? பழைய இரும்பு யாபாரி ஒருவரும் விலை பேசுகிறார்.

பதில்: கல்லை எண்ணுவதை விடுங்கள், ஐயா. மகனை அந்தப் பைக்குக் கிட்டப் போக விடாதீர்கள், குழி வெட்டுவதையும் நிறுத்துங்கள். ஒருவர் கட்டிப் புதைத்த இடத்தில் இன்னொன்றும் இருக்கும் என்று நினைத்துத்தான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நாங்கள் மண்ணைத் தொடுவோம்.

கேட்டதற்கும் சொல்கிறேன். ரி-56 துவக்கின் சன்னத்தை, அதாவது ரவையில் இருந்து பறக்கும் முனையை, வீட்டுச் சாமான் மறிக்காது. கதவுப் பலகை, தகரம், அலுமாரி, மெத்தை எல்லாவற்றையும் கடந்து போகும். உள்ளே வெற்றிடம் விட்ட புளொக் கல்லும் நம்பத்தக்கதல்ல. முதல் அடியைத் தாங்கினாலும் அதே இடத்தில் இரண்டு மூன்று பட்டால் உடைந்து கொட்டும். பெரிய ரவைதான் கூடத் துளைக்கும் என்று பொடியன்கள் நினைக்கிறார்கள். பிஸ்டலின் 9 மில்லிமீற்றர் சன்னம் எம்-16 ரைபிளின் சன்னத்தைவிடத் தடிப்பு, பாரமும் கூட. ஆனால் எம்-16 சன்னம் வினாடிக்கு 900 மீற்றருக்கு மேல் போகும். பிஸ்டலினது அதில் பாதிகூட இல்லை. அதனால் பிஸ்டல் சன்னம் நசுங்கி விழும் இரும்புத் தகட்டை எம்-16 துளைத்துவிடும். மணலில் கதை வேறு. வேகமாக வரும் மெல்லிய சன்னம் மணலில் புரண்டு, உடைந்து, சீக்கிரம் நின்றுவிடும். 2009இல் சேலையைத் தைத்து மண் நிரப்பி பங்கரைச் சுற்றி அடுக்கிய எங்கள் சனத்துக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

எனக்குப் பயம் அந்த ரவைகளைப் பற்றித்தான். இத்தனை மாரி ஈரம் குடித்த ரவையில் வெடிமருந்து அரைகுறையாக எரியும். சன்னம் குழலுக்குள்ளேயே இறுகி நிற்கும். அடுத்ததைச் சுட்டால் துவக்கு கையிலேயே வெடிக்கும். முனையில் பூசிய நிறத்தையும் நம்பவேண்டாம். சீன, ரஷ்ய ரவையில் பச்சை முனை என்றால் நெருப்பாய்ப் பறக்கும் சன்னம், கிடுகு வேலியைக் கொளுத்திவிடும். எம்-16 ரவையில் அதே பச்சைக்கு உருக்கு முனை வைத்தது என்று பொருள். மூன்றாவது அளவு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கட்டையாக, உருண்டையான பொன்னிற முனையோடு இருந்தால் அது ரவையே அல்ல, ஏவுகிற 40 மில்லிமீற்றர் குண்டு.

மாமனின் துவக்கு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், நிறையப் பேர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். மாவட்டச் செயலகம் தரும் அனுமதி பயிரைக் காக்க, அந்த ஒரு துவக்குக்கு. நிலத்தில் கிடந்த ரவைக்கும் அது செல்லும் என்று நினைக்காதீர்கள். மருமகன் எடுத்துச் சுடவும் அதில் இடமில்லை. அது 12 போர் (bore, குழல் அளவு) துவக்கு என்றால் குழல் 18 மில்லிமீற்றருக்கு மேல், ரைபிள் ரவை அதில் நிற்காது. ஏதாவது செய்து நிறுத்தினால், அந்தக் குழல் தாங்க முடியாத அமுக்கம் உள்ளே எழும். மாமனுக்குக் கையும் போகும், அனுமதியும் போகும்.

அப்புறம் அந்த யாபாரி. இவர்களைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். பித்தளைக்குக் கிலோ கணக்கில் விலை சொல்வார்கள், "குறட்டால் சன்னத்தைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டுத் தாங்கோ" என்பார்கள். அந்த மருந்து எங்கே போகிறது? காட்டில் மிருகம் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களிடம். பெரிய குண்டென்றால் கடலில் மீனுக்கு டைனமைற் அடிக்கிறவர்களிடம். இப்படி ஒருவரின் சொல்லைக் கேட்டு, வீட்டு விறாந்தையில் இருந்து குண்டொன்றை இரும்பறுக்கும் வாளால் அறுத்த மனிதரை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்று விரல் இல்லை. விலை பேசியவர் அந்தப் பக்கமே வரவில்லை. பொலிஸ் பிடித்தாலும் பிடிபடுவது வீட்டுக்காரர்தான்: 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருக்கிறது, வன்னியில் ரவை என்றவுடன் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் இழுப்பார்கள்.

அறிவித்தாலும் கரைச்சல்தானே என்பீர்கள். உண்மை, எனக்கும் கோபம் வரும். நேர்மையாகச் சொல்ல வந்தவரை நாலு மணித்தியாலம் இருத்தி, யார் புதைத்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்ட இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். இப்படிச் செய்தால் சனம் குளத்தில் எறியாமல் வேறென்ன செய்யும்? இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணையும் உண்டு. ஆனால் ரவை அந்த ஒப்பந்தத்துக்குள் வராது.

சரி, செய்யவேண்டியது இதுதான். இடத்தைச் சுற்றித் தடி நட்டுக் கயிறு கட்டுங்கள். பிள்ளைகளையும் மாட்டையும் விலக்குங்கள். கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். பிறகு அயலவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொலிஸின் 119 எண்ணுக்கு அறிவியுங்கள். பக்கத்தில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்போது, மலசலகூடத்துக்கு அடுத்ததாக எந்த இடத்தில் குழி வெட்டப்போகிறீர்களோ அதையும் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.