வைட் பெர்ச்சும் கிராப்பியும் ஒன்றா? 2 ஏக்கர் குளத்தில் விடலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் பண்ணையில் புதிதாக 2 ஏக்கர் குளம் வெட்டியிருக்கிறோம். தூண்டில் போட்டுப் பிடிக்கிற மீனாக வளர்க்க ஆசை. பக்கத்துப் பண்ணைக்காரர் 'வைட் பெர்ச்' விடச் சொல்கிறார். குஞ்சு விற்பவரோ 'கிராப்பி' என்கிறார். இரண்டும் ஒன்றா? விடலாமா?

பதில்: பக்கத்துக்காரர் சொல்வதும் பெரும்பாலும் கிராப்பியாகத்தான் இருக்கும். தெற்கு மாநிலங்களில் பல ஊர்களில் அதை வைட் பெர்ச் என்றே கூப்பிடுவார்கள். லூசியானாவில் 'சக்கலே', அதாவது பிரெஞ்சில் பால் பை. வாயோரத் தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால் 'பேப்பர்மவுத்' என்றும் ஒரு பெயர். தூண்டிலை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். ஆனால் அசல் வைட் பெர்ச் வேறு குடும்பத்து மீன், அட்லாண்டிக் கரையோரத்தைச் சேர்ந்தது. அதனால் குஞ்சு வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேளுங்கள். பொமாக்சிஸ் அனுலாரிஸ் வெள்ளைக் கிராப்பி, பொமாக்சிஸ் நைக்ரோமாக்குலேட்டஸ் கறுப்புக் கிராப்பி. நிறத்தை நம்ப வேண்டாம், கலங்கல் நீரில் கறுப்பும் வெளுத்துப்போகும். முதுகுத் துடுப்பை விரித்து முன்பக்க முட்களை எண்ணுங்கள்: 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு.

எந்தக் கிராப்பியானாலும் 2 ஏக்கரில் விடாதீர்கள். தண்ணீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரும்போது ஒவ்வொரு பெட்டையும் பல்லாயிரம் முட்டை இடும். ஒரு வருஷம் குஞ்சு பொங்கி வழியும், அடுத்த வருஷம் ஒன்றும் தேறாது. பொங்கிய வருஷத்துக் குஞ்சுகள் இரை போதாமல் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். போதாததற்கு, அவற்றைத் தின்று குறைக்க வேண்டிய பாஸ் மீனின் குஞ்சுகளையே அவை தின்றுவிடும். 20, 25 ஏக்கர் ஏரியாக இருந்தால் கதை வேறு.

உங்களுக்கு புளூகில் என்ற சிறு மீனும், அதன் குஞ்சுகளைத் தின்று வளரும் லார்ஜ்மவுத் பாஸும் சேர்ந்த கூட்டணியே சரி. உரம் போடாத குளத்துக்கு ஏக்கருக்கு 500 புளூகில், 50 பாஸ் என்பது கணக்கு. இலையுதிர் காலத்தில் 1,000 புளூகில் குஞ்சு விடுங்கள். அது முட்டையிட்டுப் பெருகத் தொடங்கும் அடுத்த மே, ஜூனில் 100 பாஸ் குஞ்சு. இரண்டையும் ஒரே நாளில் இறக்குவதுதான் பலர் செய்யும் தப்பு. பாஸுக்கு இரை இருக்காது. குஞ்சுப் பையை 15, 20 நிமிஷம் குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளே குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிறகே திறங்கள். முதல் ஒரு வருஷம் பாஸைப் பிடித்தால் திரும்ப விட்டுவிடுங்கள்.

யாராவது வாளியில் கொண்டுவந்து கொட்டிய கிராப்பி பின்னால் தூண்டிலில் சிக்கினால், எவ்வளவு சிறிசாக இருந்தாலும் திரும்பக் குளத்தில் விடாதீர்கள். வறுத்தால் ருசியான மீன்தான்.