பழைய கணினியை ஆன் செய்தால் பீப், பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. மும்பையில் இருக்கிறேன். ரேம் போய்விட்டதா? புதிது வாங்கவா?

உடனே வாங்காதீர்கள். மாதுங்காவில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவின் கணினி, 2009-ல் வாங்கியது. ஒரு மழைக்காலம் முழுக்க மூடி வைத்திருந்து ஐப்பசியில் ஆன் செய்தபோது விடாமல் கத்தியது. கடையில் மதர்போர்டே போய்விட்டது என்றார்கள். தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் அதில் இருந்ததால் எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். ரேம், அதாவது நினைவகப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். அப்போதும் கத்தினால் நல்ல செய்தி: பிராசஸரும் மதர்போர்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆன் செய்ததும் முதலில் ஓடிப் பாகங்களைச் சோதிக்கிற புரோகிராம்தான் பயாஸ்; பீப் கணக்கு பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸில் மூன்று பீப், அவார்ட் நிறுவனத்தின் பயாஸில் விடாத நீள பீப் என்றால் பெரும்பாலும் ரேம் பிரச்சினைதான்.

மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமின் அடியில் உள்ள பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எங்களுடையதில் பாதிப் பற்கள் பித்தளைப் பாத்திரம் போல மங்கியிருந்தன. கடற்கரை ஊரின் ஈரமும் தூசியும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். பென்சில் அழிக்கிற மெத்து ரப்பரால், விளிம்பை நோக்கி ஒரே பக்கமாக, அழுத்தாமல் தேய்த்தேன். ரப்பரில் கருப்பாக அழுக்கு ஒட்டியது. இதைக் கணினிக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள், துகள் ரேம் செருகுகிற ஸ்லாட்டுக்குள் விழும். ஸ்லாட்டை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். திரும்பப் பொருத்தும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று தானே மூட வேண்டும்.

ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் அடுத்தது, அடுத்த ஸ்லாட். ஒரு ரேம் எங்கே போட்டாலும் மக்கர் செய்தால் கோளாறு அதில்தான். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே இடத்தில் மக்கர் செய்தால் ஸ்லாட்டைச் சந்தேகியுங்கள்.

திரை வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. அந்த நிலையில் படங்களை நகலெடுக்கவே வேண்டாம், நகலே கெட்டுப்போகலாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுங்கள்.

எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று பிழைத்தது, ஒன்று தேறவில்லை. வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் 240 பற்கள்தான், ஆனால் பற்களுக்கு இடையே உள்ள வெட்டு இருக்கும் இடம் வேறு, வோல்ட்டும் 1.8, 1.5 என்று வேறு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கணினிப் பாகக் கடைகள் இருக்கிற லாமிங்டன் ரோடு நடக்கிற தூரம்தான்.