சாப்பிட்டு முடித்ததும் தேடப் போனீர்களா?

கேள்வி: காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். ஒரு வயதில் பெண் குழந்தை இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு நண்பர்கள் பத்துப் பேர் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் பைக்குகளில் செட்டிநாட்டுக் கிராமப் பாதைகளைச் சுற்றி வருவோம். முன்னால் போய் வழி காட்டுவது நான்தான். போன மாதம் மதுரையிலிருந்து வந்திருந்த மச்சினனையும் (20 வயது) ஒரு ஹிமாலயனில் கூட்டிப்போனேன். ஆத்தங்குடி தாண்டிக் கண்மாய்க்கரையில் விழுந்துவிட்டான். சாப்பிட நிறுத்திய இடத்தில்தான் அவன் வரவில்லை என்று கவனித்தேன். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரை அனுப்பிக் கூட்டிவரச் செய்தேன். பெரிய அடி இல்லை. அதிலிருந்து மனைவி வண்டியையே தொடக்கூடாது என்கிறாள். வாரமெல்லாம் உழைக்கிற ஆணுக்கு ஒரு நாள் கிடையாதா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: "சாப்பிட்டு முடித்ததும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பையன் வந்து சேரவில்லை. அது தெரிந்த பிறகும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அப்புறம் இரண்டு பேரை அனுப்பினீர்கள். நீங்கள் போகவில்லை. அத்தான் கூப்பிட்டார் என்று நம்பி வந்தவன் அவன்.

அந்த நேரத்தில் அவன் என்ன பாடுபட்டிருப்பான்? கரையில் கெட்டியான செம்மண்ணுக்கு மேல் சரளை உருண்டு கிடக்கும். பயந்துபோய் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். புதிதாக ஓட்டுகிறவன் அதைத்தான் அழுத்துவான். ஏறக்குறைய 200 கிலோ வண்டியைச் சரிவில் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள். கால் அடியில் மாட்டியிருந்தால்? சுற்றிலும் கருவேலங்காடு. ஊருக்குள் நடந்தே போயிருந்தாலும், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள், அதில் எத்தனையோ பூட்டிக் கிடப்பவை. உச்சி வெயிலில் யாருடைய கதவைத் தட்டுவான்? உங்களுக்கு அந்தத் தெருக்கள் பழக்கம். மதுரைப் பையனுக்கு?

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வழி காட்டுகிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. பாதை பிரியும் இடத்தில் முதல் ஆளுக்கு அடுத்து வருபவர் நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் அவர் நகரலாம். அந்தக் கடைசி ஆள் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக, பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். புதியவன் நடுவில், முன்னும் பின்னும் பழகியவர்கள். புழுதிக்காக இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவீர்கள், கண்ணாடியில் பார்த்தால் செம்மண் மட்டும்தான் தெரியும். அதனால்தான் திருப்பத்தில் நிற்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் ஒரு இடத்தில்கூட நின்று ஆள் எண்ணவில்லை.

உங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த பறவைக்கு ஊரே பார்க்கிறது. வீட்டு மாப்பிள்ளை, கூட வந்த பையனுக்காக ஐந்து நிமிடம் நிற்கவில்லை.

பெண் கொடுத்த வீட்டுப் பையனைக் கூட்டிப்போனால், அவன் திரும்ப வாசலில் வந்து இறங்கும்வரை அவன் உங்கள் பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நாளைக்கு உங்கள் மகளுக்குக் காது குத்தும்போது அவன் மடியில்தானே உட்கார வைப்பீர்கள்? தாய்மாமன் என்ற அந்த உரிமைக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கடமை இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. தம்பியை யார் கையில் ஒப்படைத்தோம் என்று அவர் கலங்கிப்போயிருக்கிறார். ஆணுக்கு ஒரு நாள் கேட்கிறீர்கள். கைக்குழந்தையோடு இருக்கிற அவருக்கு எந்த ஞாயிறு விடுமுறை?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருகிற ஞாயிறு மனைவி, குழந்தையோடு பஸ் ஏறி மதுரைக்குப் போங்கள். மாமனார், மாமியார் முன்னால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். சின்னவனிடம் எப்படி என்று கூச்சப்பட வேண்டாம்.

வண்டியை விற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வழி காட்டும் இடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் கடைசி ஆளாகப் புழுதியில் வாருங்கள். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் என் பதிலும். வண்டியைத் தொடாதீர்கள்.