ஐரோப்பா போகப் புதுப் போன் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் மட்டும் உஷார்

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் மூன்று வாரம் ஐரோப்பா போகிறோம். மிலானில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து, அங்கிருந்து பிரான்ஸ். என்னிடம் மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன், மனைவியிடம் ஐபோன். "இதெல்லாம் அங்கே எடுக்காது. இன்டர்நேஷனல் போன் ஒன்றும் ஜிபிஎஸ் கருவி ஒன்றும் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இரண்டுமே வேண்டாம். "இன்டர்நேஷனல் போன்" என்று தனியாக ஒரு சாதி இப்போது கிடையாது. ஒரு காலத்தில் "குவாட் பேண்ட்" என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். 850, 900, 1800, 1900 ஆகிய நான்கு 2ஜி அலைவரிசைகளும் அதில் எடுக்கும் என்று பொருள். அமெரிக்காவில் இரண்டு, மற்ற இடங்களில் வேறு இரண்டு என்று இருந்த நாளில் அதற்கு மதிப்பு இருந்தது. 2ஜியையே நாடு நாடாக மூடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லி விற்பவர் உங்கள் பயணத்தை நினைத்து விற்கவில்லை, கமிஷனை நினைத்து விற்கிறார்.

உங்கள் கையில் இருக்கும் போன் போதுமா என்று பத்தே நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். முதலில் லாக், அதாவது விற்ற கம்பெனியின் சிம் மட்டுமே எடுக்கும்படி போனைப் பூட்டி வைத்திருப்பது. வேறு கம்பெனி சிம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சிக்னல் வந்தால் லாக் இல்லை. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று உள்ளே போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருக்க வேண்டும். அடுத்து *#06# அடியுங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று இன்னொரு நீளமான எண்ணும் வந்தால் போனில் இ-சிம் வசதி, அதாவது பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே சிம்மை ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வராவிட்டால் பிளாஸ்டிக் சிம்மே வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, 4ஜி பேண்டுகள், அதாவது அலைவரிசைகள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, பட்டியலில் 3, 7, 20 மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் 20 முக்கியம். அது 800 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவின் கிராமப்புறத்திலும் மலைப்பாதையிலும் தூரம் வரை எட்டுவது அதுதான். மற்றது இருந்து 20 மட்டும் இல்லாத போன் மிலானில் பறக்கும், மலையேறியதும் படுத்துவிடும்.

நான்காவது வோல்ட்டி, அதாவது பேச்சும் 4ஜி வழியாகவே போகும் வசதி. சிம் செட்டிங்ஸில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். சுவிட்சர்லாந்தில் 2ஜி ஏற்கெனவே போய்விட்டது. 3ஜியையும் 2025-இல் மூடுவதாக அங்குள்ள மொபைல் நிறுவனங்களான ஸ்விஸ்காம், சன்ரைஸ் இரண்டும் அறிவித்தன. ஆகவே வோல்ட்டி இல்லாத போனில் இணையம் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. அவசரத்துக்கு 112 அடிக்க வேண்டி வரும்போதுதான் அது தெரியவரும். உங்கள் ஊர் சிம்முக்கு வெளிநாட்டில் வோல்ட்டி ரோமிங் உண்டா என்று கிளம்புவதற்கு முன்பே கம்பெனியிடம் கேளுங்கள். கஸ்டமர் கேரில் முதலில் பேசுபவருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. தெரிந்தவரிடம் இணைப்பைக் கொடுக்கும்வரை விடாதீர்கள்.

இனி சிம். பழைய எண் உயிரோடு இருக்கட்டும், வங்கி ஓடிபி அதில்தான் வரும். அந்த எண் வெளிநாட்டிலும் எடுக்க, அதன் ரோமிங்கை வீட்டிலிருக்கும்போதே கம்பெனியிடம் திறந்துவிடுங்கள். விமானம் இறங்கியபின் திறக்க முயன்றால், அதற்கும் ஒரு ஓடிபி கேட்பார்கள். ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது. இந்த முட்டாள்தனத்தை எந்தக் கம்பெனியும் திருத்துவதாக இல்லை. டேட்டாவுக்குத் தனி இ-சிம் வாங்குங்கள். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே அதன் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான இ-சிம்களில் அந்தக் கோடு ஒரு முறைதான் வேலை செய்யும். ஏற்றிய பிறகு "சரியாக வரவில்லையே" என்று அழித்தால் போட்ட காசு போச்சு.

தப்பு நடப்பது அடுத்த படியில். போன் செட்டிங்ஸில் பழைய சிம்முக்கு டேட்டாவும் டேட்டா ரோமிங்கும் ஆஃப், புது இ-சிம்முக்கு இரண்டும் ஆன் என்று இருக்க வேண்டும். ரோமிங் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து இரண்டிலும் ஆஃப் செய்துவிட்டு, "நெட் வரவில்லை" என்று விமான நிலையத்தில் நிற்பவர்கள் ஏராளம். பயண இ-சிம் பெரும்பாலும் இன்னொரு நாட்டுக் கம்பெனியின் சிம்தான், ரோமிங் இல்லாமல் அது அசையாது. ஐபோனில் "அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்று ஒன்று உண்டு. அதை ஆஃப் செய்யாவிட்டால், இ-சிம் சிக்னல் மங்கும்போது போன் தானாகப் பழைய சிம்மின் டேட்டாவுக்குத் தாவும். கிளம்பும் முன் ##002# அடித்து எல்லா கால் ஃபார்வர்டிங்கையும் நீக்கிவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு வெளிநாடு வரை வந்து, திரும்ப உங்கள் ஊர் வாய்ஸ்மெயிலுக்குப் போனால், வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம் என்று பில்லில் ஏறலாம்.

"அன்லிமிடெட்" என்று போட்ட இ-சிம்மில் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று அங்கே இருக்கும். வழிகாட்டும் செயலிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சில எம்பி போதும். டேட்டாவைத் தின்பது வீடியோ கால்தான்.

இந்தப் பயணத்தில் உங்களுக்கு உண்மையான தலைவலி சுவிட்சர்லாந்து. சுற்றிலும் ஐரோப்பிய ஒன்றியம், நடுவில் இது ஒரு ஓட்டை. ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கூடாது என்ற விதி 2017 ஜூன் 15 முதல் இருக்கிறது. 27 உறுப்பு நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் மூன்றும் அதில் சேர்ந்துகொண்டன. சுவிட்சர்லாந்து சேரவில்லை. எனவே மிலானில் வாங்கும் இத்தாலிய சிம், பிரான்ஸில் ஊர் விலைக்கே ஓடும், சுவிஸ் எல்லையைத் தாண்டியதும் அந்த விதி அதைக் காப்பாற்றாது. லீக்டென்ஸ்டைன் போன்ற கையளவு நாட்டில் செல்லுபடியாகும் சலுகை பக்கத்து சூரிச்சில் செல்லாது. யார் போட்ட கணக்கோ! "ஐரோப்பா பேக்" என்ற பெயரையோ "30 நாடுகள்" என்ற எண்ணிக்கையையோ நம்பாதீர்கள். நாடுகளின் பட்டியலைத் திறந்து சுவிட்சர்லாந்து என்ற பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் தொல்லை உண்டு. கோமோ ஏரிக்கரையில் இத்தாலிக்குள்தான் நிற்பீர்கள், போன் மலைக்கு அந்தப்புறத்து சுவிஸ் டவரைப் பிடித்துவிடும். இத்தாலிய சிம் போட்டிருந்தால் அங்கே நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேடிக்கிலிருந்து எடுத்து, டிம், வோடஃபோன், விண்ட்ரே என்று பட்டியலில் வரும் இத்தாலிய நிறுவனங்களில் உங்கள் சிம்முக்கு உரியதைக் கையால் தேர்ந்தெடுங்கள். எல்லையைத் தாண்டும்போது மறக்காமல் மறுபடி ஆட்டோமேடிக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் சிக்னலே இருக்காது.

இன்னொன்று, வேகக் கேமரா எச்சரிக்கை. "முன்னால் கேமரா இருக்கிறது" என்று சொல்லும் கருவியோ செயலியோ காரில் இருப்பதே சுவிஸ் சட்டப்படி குற்றம். போலீஸ் கருவியைப் பறிமுதல் செய்து அழிக்கலாம், அபராதம் தனி. நேவிகேட்டர் கருவி என்றால் அதிலுள்ள கேமரா தரவையே நீக்க வேண்டும். வேஸ் (Waze) மாதிரியான வழிகாட்டும் செயலியில் அலெர்ட் பகுதிக்குப் போய் வேகக் கேமராவை அணையுங்கள். பிரான்ஸிலும் கேமரா இடத்தைக் காட்டுவதற்குத் தடை உண்டு. ஏஜென்ட் வாங்கித் தருவதாகச் சொல்லும் கருவியில் இதெல்லாம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டும் என்பது பரவலான தவறு. செயற்கைக்கோள் சிக்னலை போன் நேராகவே வாங்குகிறது. ஏரோப்ளேன் மோடிலும் நீலப் புள்ளி நகரும். இணையம் வேண்டியது வரைபடத்துக்கும், முதல் தடவை இடத்தைச் சட்டென்று பிடிப்பதற்கும் மட்டும். டேட்டா இல்லாமல் புது நாட்டில் இறங்கினால் முதல் இடம் கிடைக்கச் சில நிமிடம் ஆகலாம், திறந்த வானத்தின் கீழ் நின்று பொறுத்திருங்கள். பார்க்கிங் கட்டடத்துக்குள்ளிருந்து கிளம்பிக்கொண்டே தேடினால் கிடைக்காது.

வரைபடத்தை வைஃபையிலேயே இறக்குங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப்ஸ் வரும். இறக்கிய வரைபடத்தில் கார் வழி மட்டுமே கிடைக்கும், நடக்கவும் பஸ்ஸுக்கும் வழி சொல்லாது. அதற்குத் துணையாக ஆர்கானிக் மேப்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், நடைபாதை வரை இருக்கும். இறக்கியதும் ஏரோப்ளேன் மோடைப் போட்டு உங்கள் மிலான் ஹோட்டலைத் தேடிப் பாருங்கள். வழி வந்தால்தான் வரைபடம் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது.

எந்தக் கருவியும் உங்களைக் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. இத்தாலிய ஊர்களின் பழைய நகர்ப்பகுதியில் இசட்-டி-எல் என்ற தடை வட்டம் இருக்கும். அனுமதி இல்லாத கார் உள்ளே போகக் கூடாது, நுழைவாயிலில் கேமரா. வழிகாட்டும் செயலி பல சமயம் நேராக அதற்குள்ளேயே இழுத்துப் போகும். வெள்ளை நடுவும் சிவப்பு வளையமுமாக ஒரு பலகை, அதன் கீழ் மின்பலகையில் "வார்க்கோ ஆத்தீவோ" என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது, திரும்பிவிடுங்கள். அபராத நோட்டீஸ் வெளிநாட்டவருக்கு 360 நாள் வரை வரலாம். உங்கள் பெயரைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கார் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்ளும். அதே கவுன்டரில் நாள் வாடகைக்கு நேவிகேட்டர் தரட்டுமா என்று கேட்பார்கள், வரைபடம் எந்த வருடத்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

அந்தக் காசுக்கு நல்ல போன் ஸ்டாண்ட் ஒன்றும், 20 வாட் கார் சார்ஜர் ஒன்றும் வாங்குங்கள். காரிலேயே உள்ள சாதாரண யூஎஸ்பி துளை பல வண்டிகளில் வலுவில்லாதது. திரையும் ஜிபிஎஸ்ஸும் ஓடும்போது சார்ஜ் ஏறுவதைவிட இறங்குவதே அதிகமாக இருக்கும். ஸ்டாண்டைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி துவாரத்தில் மாட்டுங்கள். வெயிலில் போன் சூடேறினால் முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் போனே அணையும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பே 35 டிகிரிதான்.

சார்ஜர் அடாப்டர் வாங்கும்போதும் அதே ஓட்டை. ஐரோப்பாவுக்கான மெல்லிய இரண்டு முள் பிளக் மூன்று நாட்டிலும் நுழையும், தடித்த வட்டத் தலை கொண்டது சுவிஸ் சுவரில் நுழையாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணிதான்.