மெல்லிய ரவைக்கு எந்த ஸ்பிறிங்?

தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் நீங்கள் பழகும் க்ளொக் 17 கைத்துப்பாக்கி, மருந்து குறைந்த மெல்லிய ரவை போட்டால் வெற்றுக் கோதைச் சரியாக வெளியே தள்ளுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, திரும்ப முன்னுக்குத் தள்ளும் கம்பனி ஸ்பிறிங் ஏறக்குறைய 17 இறாத்தல். அந்த ரவைக்கு அது கூடுதல். 15இல் தொடங்குங்கள். 13 போடுபவர்களும் உண்டு, நான் அவசரப்பட மாட்டேன்.

மாற்றியதும் ரவை இல்லையென்று இரண்டுதரம் பாருங்கள். துப்பாக்கி வாயை மேலே பிடித்து, விசையை அழுத்தியபடியே ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுத்து மெதுவாக விடுங்கள். முழுதாக மூடவில்லையா? ஸ்பிறிங் பலம் போதாது, கழற்றிவிடுங்கள்.

ஸ்பிறிங்குக்குள் போகும் வழிகாட்டிக் கம்பிக்கு, ஸ்பிறிங்கைத் தனியாகக் கழற்றக்கூடிய சாதாரண உருக்கே போதும். டங்ஸ்டன் முன்பாரம் கூட்டும், காசும் கூட. வாங்குமுன் உங்கள் போட்டிப் பிரிவு அதை அனுமதிக்குதா என்று கேளுங்கள். அப்புறம், நம்மூர் உப்புக்காற்றுக்கு எண்ணெய்த் துணியால் துடைக்க மறக்காதீர்கள்.