கொழுந்து எடுக்குறவங்களுக்கு மூளை சீக்கிரம் வயசாகுமா?

உங்கம்மா இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலை எஸ்டேட்ல நாள் முழுக்க மலை ஏறி இறங்குறாங்க, எக்ஸர்சைஸ் மூளைக்கு நல்லதுன்னா அவங்களுக்கு ஏன் இப்பவே மறதின்னு கேட்டிருக்கீங்க.

எக்ஸர்சைஸும் ஒரு ஸ்ட்ரெஸ்தாங்க, ஆனா வந்துட்டுப் போயிரும். செல்லு லேசா அடிபடும், அப்புறம் ரெஸ்ட்ல பழுதான மைட்டோகாண்ட்ரியாவ (செல்லுக்கு சக்தி குடுக்குற பாகம்) கழிச்சுட்டு புதுசு உண்டாக்கும், மூளைச் செல்லுங்க வளர உதவுற பிடிஎன்எஃப்னு ஒரு புரதமும் கூடும். 2011ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல வயசானவங்க 120 பேர்ல ஒரு பாதிய ஒரு வருஷம் வேகமா நடக்க விட்டாங்க, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் சுமார் 2% பெருசாச்சு, வெறும் ஸ்ட்ரெச்சிங் செஞ்சவங்களுக்கு சுருங்கிருச்சு.

செல்லு ரெண்டாப் பிரியுற ஒவ்வொரு தடவையும் குரோமோசோம் நுனியில இருக்குற டெலோமியர் தேஞ்சு வயசாகுதுன்னு சொல்லுவாங்க. ஆனா மூளையோட நரம்புச் செல்லான நியூரான் பெரும்பாலும் பிரியாது, அதனால அந்தக் கதை அங்க ரொம்பப் பொருந்தாது. நியூரான சுத்தி இருந்து அத பராமரிக்கிற கிளியல் செல்லுங்க தான் வயசாகி, சாகாம கெடந்து, அழற்சிய கிளப்பிவிடும். 2018ல மூளை நோய் வர்ற மாதிரி மரபணு மாத்துன எலிகள்ல இப்படி வயசான செல்லுங்கள நீக்குனப்போ ஞாபக இழப்பு குறைஞ்சுச்சு.

அம்மா விஷயம் வேற. காலையில பெரட்டு (வேலைக்கு ஆள் கூப்பிட்டு பிரிக்கிறது), மழையில அட்டைக்கடி, கிலோ வரலன்னா அரைப்பேரு (அரை நாள் சம்பளம்), லயத்து வீட்டுக்கு வந்தா அடுப்பு, இதுல ரெஸ்ட் எங்க? ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசோல் எறங்காமலே இருந்தா அதே ஹிப்போகேம்பஸ்தான் அடிவாங்கும். இன்னும் நடக்கச் சொல்லாதீங்க, தூங்க விடுங்க. ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவுலயும் மறதி வரும், முதல்ல ஆஸ்பத்திரி கிளினிக்ல ரத்தம் பார்த்துருங்க.